கிணறு வற்றும் மாதத்தில் போய்ப் பாருங்கள்

"அண்ணா, இப்பவே முடிச்சிடலாமா, இல்ல ஒரு வருஷம் பொறுத்துப் பாக்கலாமா?"

போன வாரம் சித்தி மகன் போனில் கேட்டான். ஒரு கிராமத்தில் பழைய வீடும் அதை ஒட்டிக் கொஞ்சம் நிலமும் விலைக்கு வந்திருக்கின்றன. பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. புரோக்கர் தினமும் பேசுகிறார். இன்னொரு பார்ட்டி வெளியூரிலிருந்து வருகிறதாம். இதே கேள்வியோடு நண்பர்கள் சிலரும் இன்பாக்ஸுக்கு வந்திருக்கிறார்கள். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். இந்த விஷயத்தில் நான் பணத்தை இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "விலை ஏறுமா, இறங்குமா" என்ற கேள்வியை வைத்து ஊர்ப்புறத்தில் நாள் குறிக்க முடியாது. நகரத்தில் ஓர் அடுக்குமாடியில் ஒரே அளவில் ஐம்பது வீடுகள் இருக்கும், வருடத்துக்கு நாலைந்து கைமாறும். போன மாதம் என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் பதில் கிடைக்கும். கிராமத்தில் ஒரு தெருவில் பத்து வருடத்துக்கு ஒரு வீடு விற்றாலே அதிகம். விற்றதும் பெரும்பாலும் அண்ணன் பங்கைத் தம்பி வாங்கியது, கடனுக்குக் கொடுத்தது, குத்தகைக்காரரே எடுத்துக்கொண்டது. அந்த விலைகளுக்குள் உறவு இருக்கிறது, வருத்தம் இருக்கிறது, பழைய கணக்கு இருக்கிறது. அதையெல்லாம் 'மார்க்கெட் ரேட்' என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்றமும் இறக்கமும் அங்கேயும் உண்டு, ஆனால் அந்த வளைவு நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத வளைவின் அடிப்புள்ளிக்காகக் காத்திருப்பது வீண் வேலை.

என் முதல் தவறு இதிலிருந்து வந்ததல்ல. நான் விலையை நன்றாகவே பேசினேன். தவறியது மாதம்.

மழை ஓய்ந்து மூன்று வாரம் இருக்கும். நிலம் முழுக்கப் பச்சை. வரப்பில் கால் வைத்தால் சில்லென்று இருந்தது. கிணற்றில் மேலிருந்து நாலாவது படியில் தண்ணீர். கையை நனைத்துப் பார்த்தேன். அன்று மாலையே அட்வான்ஸ் கொடுத்தேன். கிரயத்துக்கு ஆறு மாதத் தவணை. நிலத்தை அளக்கப் போனது கடும் கோடையில். அதே கிணறு, உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் வெடித்த சேறு. அப்போதுதான் மோட்டாரிலிருந்து இறங்கும் குழாயைக் கவனித்தேன். ஒரே குழாய் இல்லை, ஐந்து துண்டுகள். மேல் துண்டு வெயிலில் வெளுத்து நரைத்திருந்தது. அடுத்தது கொஞ்சம் கருப்பு. கடைசித் துண்டு பளபளவென்று புதுசு. தண்ணீர் கீழே போகப் போக வருடத்துக்கு ஒரு துண்டாக ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தக் கிணற்றின் மொத்த வரலாறும் முதல் நாளே என் கண்ணெதிரில்தான் தொங்கியிருக்கிறது. அன்று பாதிக் குழாய் தண்ணீருக்குள் இருந்தது, மீதியை நான் பார்க்கவில்லை.

பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர் வரப்போரமாக வந்து நின்றார். "தம்பி, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ஆன செலவு அந்த அட்வான்ஸ் முழுவதும். விற்றவர் திருப்பித் தரவில்லை. ஒப்பந்தத்தில் நான்தான் பின்வாங்கியவன், கேட்க வழியுமில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. ஓர் இடம் அதன் மிக மோசமான மாதத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வாங்கும் நேரமே ஆரம்பமாகிறது. தண்ணீர் இல்லாத இடத்துக்குக் கோடை மோசமான மாதம். தாழ்வான இடத்துக்கு அடைமழைதான் மோசமான மாதம். இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் ஒரு வருடம் ஆகும். ஆகட்டும்.

தாழ்வான இடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பிறகு ஒரு வீடு பார்த்தேன். புதுச் சுண்ணாம்பு அடித்து, வாசல் கூட்டி, அழகாக வைத்திருந்தார்கள். ஆனால் கதவுகளின் அடிப்பாகம் மட்டும் எல்லா அறையிலும் ஒரே உயரத்துக்கு உப்பிப் பிளந்திருந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்த்தேன், அதற்கே இடுப்பளவு மேடை. மாட்டுக்கு மேடை கட்டிய ஊரில் வீடு ஏன் தரையோடு இருக்கிறது? மழைக்காலத்தில் போய்ப் பார்த்தபோது விடை கிடைத்தது. "நூறு வருஷத்துக்கு ஒரு வெள்ளம்தான் வரும்" என்று அங்கே ஒருவர் ஆறுதல் சொன்னார். அந்தச் சொல்லைப் பலர் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். எந்த ஒரு வருடத்திலும் அந்த வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 வருடம் அந்த வீட்டில் வாழ்ந்தால் ஒரு முறையாவது அதைச் சந்திக்க ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு. நாலு குடும்பத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு வருஷம் காத்திருந்தா இடம் போயிடுமே?" தம்பியும் இதைத்தான் கேட்டான். எத்தனை இடம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதற்குக் கணிதத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. பார்க்கப் போகும் மொத்தத்தில் முதல் 37 சதவீதத்தைப் பார்த்துவிட்டு மட்டும் வை, அதற்குப் பிறகு, பார்த்த எல்லாவற்றையும் விட நல்லதாக வரும் முதல் ஒன்றைப் பிடித்துக்கொள் என்று சொல்லும் கணக்கு. அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வேண்டாம் என்று விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. கிராமத்து நிலத்துக்கு அந்த நிபந்தனை பெரும்பாலும் பொருந்துவதில்லை. நான் விட்டுவிட்டு வந்த இடங்களில் பல, அடுத்த வருடமும் அதே புரோக்கரின் போனில் அதே படத்தோடு இருந்தன. வாங்க ஆள் குறைவான சந்தையில் பொறுமைக்குக் கொடுக்கும் விலையும் குறைவுதான். நல்ல இடம் கைநழுவுவதும் உண்டு, எனக்கும் ஒன்று போனது. அந்த வருத்தத்தையும் அந்த அட்வான்ஸ் போன வருத்தத்தையும் எடை போட்டால் முன்னது ஒன்றுமேயில்லை.

இதே மெதுவான சந்தை நாம் விற்கப் போகும்போதும் நம்மைக் காக்க வைக்கும். அவசரத்துக்கு நகையை அடகு வைக்கலாம், நிலத்தை நாளைக்கே விற்க முடியாது. வாங்க ஆள் வர மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் ஆகும். அடுத்த ஐந்து வருடத்தில் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ தேவைப்படக்கூடிய பணம் என்றால், அதை மண்ணில் போடும் நேரம் இன்னும் வரவில்லை. வட்டி எவ்வளவு குறைந்திருந்தாலும் சரி.

வட்டி என்றதும் கடன். 20 வருடக் கடனில் ஒரு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 775, 9 சதவீதம் என்றால் 900. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் வட்டி இறங்கினால் பல சமயம் கடனை மாற்றிக்கொள்ள வழி கிடைக்கும். கொடுத்த கிரயத்தை மாற்றவே முடியாது. வட்டி குறைந்த காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கடன் வாங்கிக்கொண்டு வருவதால் விலை மேலே போகும், அதையும் கணக்கில் வையுங்கள். காலி நிலத்துக்கும் விளைநிலத்துக்கும் வங்கிகள் வீட்டுக்குக் கொடுக்கும் அளவுக்குத் தாராளமாகக் கடன் கொடுப்பதும் இல்லை. கையிருப்பு அதிகம் வேண்டும்.

"நிலம் என்றைக்கும் இறங்காது" என்று உறுதியாகச் சொல்பவர்களிடம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விளைநிலத்தின் கதையைச் சொல்வேன். 1970களில் அங்கே விலை ஏறிக்கொண்டே போனது. தானிய ஏற்றுமதி கொழித்தது, வங்கிகள் நிலத்தைக் காட்டினாலே கடன் கொடுத்தன, பக்கத்து நிலத்தையும் வாங்கிப் போடு என்றார்கள். பணவீக்கத்தை அடக்க அந்த நாட்டு மத்திய வங்கி வட்டியைத் தூக்கியது. 1981இல் வங்கிகள் தங்களுக்குள் கொடுத்துவாங்கும் வட்டியே 19 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வருடம் உச்சத்தில் இருந்த நில விலை 1986க்குள் 60 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. பழைய விலையை மறுபடி தொட 20 வருடத்துக்கு மேல் ஆனது, அதுவும் பணவீக்கத்தைக் கழிக்காத கணக்கில். கடன் இல்லாமல் வைத்திருந்தவர்கள் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு உழவைத் தொடர முடிந்தது. நிலத்தின் மேல் கடன் ஏற்றி மேலும் நிலம் வாங்கியவர்களின் பண்ணைகள் ஏலத்துக்குப் போயின. மண் அதேதான், மழையும் அதேதான். யார் பிழைத்தார்கள் என்பதைப் பெரும்பாலும் கடன்தான் தீர்மானித்தது.

ஜப்பானில் வேறு மாதிரி. 2023 கணக்கெடுப்பில் அங்கே ஏறக்குறைய 90 லட்சம் வீடுகள் காலி, மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். ஆள் வயதாகிப் போய், பிள்ளைகள் நகரத்தில் தங்கிவிட்டால் கிராமத்து வீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆளில்லாமல் போகலாம். அதனால் விலை மலிவு என்று கேட்டதும் நான் பார்ப்பது பள்ளிக்கூடத்தை. பிள்ளைகள் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று அங்கே கேட்டால் தெரிந்துவிடும். கூடவே கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்றும் கேட்டுவிடுங்கள்.

சாலை வதந்திக்கு வருகிறேன். "பைபாஸ் வருது, ஃபேக்டரி வருது." வான் தூனன் என்ற ஜெர்மானியர் 1826லேயே எழுதிவைத்தார், சந்தைக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள தூரமும் வண்டிச் செலவும் நிலத்தின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன என்று. சாலை வந்தால் நிலம் ஏறும், அது உண்மை. ஆனால் உங்கள் காதுக்கு வந்த செய்தி விற்பவர் காதுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். அவர் கேட்கும் விலைக்குள் அந்தச் சாலை ஏற்கெனவே இருக்கிறது. வராத சாலைக்கு இன்றே பணம் கொடுத்துவிட்டு, வருகிற வருடங்களில் புழுதியில் நிற்பது நாம்தான். அதே சாலை நம் நிலத்தின் நடுவிலேயே போகவும் கூடும்.

அப்படியானால் சரியான நேரம் என்று எதைச் சொல்வேன்? பெரும்பாலும் அது விற்பவர் வீட்டுக்குள்தான் நடக்கிறது. பங்கு பிரிக்கிறார்கள், பிள்ளைகள் வெளியூரில் நிலைத்துவிட்டார்கள், பெரியவருக்கு உழ முடியவில்லை. எல்லா வாரிசுகளும் ஒரே மனதோடு கையெழுத்துப் போடத் தயாராக உட்காரும் நாள், உலகத்தில் வட்டி எப்படி இருந்தாலும் நல்ல நாள். ஒரே ஒரு தங்கை மட்டும் "அப்புறம் போடுறேன்" என்றால் அது இன்னும் பழுக்காத காய். மீதி எட்டுப் பேர் போட்டுவிட்டார்கள் என்று தரகர் அவசரப்படுத்தினால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். பாதையும் அப்படித்தான். "நாங்க காலங்காலமா இந்த வழியாத்தான் போறோம்" என்பது பக்கத்துக்காரரின் நல்ல மனம். அவர் நிலமும் ஒருநாள் கைமாறும். பாதை உரிமை பத்திரத்தில் ஏறிய பிறகே மீதிப் பணம்.

இன்னொன்றை மனதாரச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிச் செலவுக்காக விற்க வந்தவரின் அவசரத்தைப் பார்த்து விலையைக் கசக்காதீர்கள். நாளை அதே தெருவில் நாம் வாழப்போகிறோம். அந்த விலை ஊருக்கே தெரியும், நம் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அதைப் பேசுவார்கள்.

வீடாக இருந்தால் வாய்ப்புக் கிடைக்கும்போது அந்த ஊரிலேயே ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். நான் இரண்டாவது முறை அதைத்தான் செய்தேன். காய்ந்த மாதங்களில் கல் ஏற்றிய லாரிகள் இரவு இரண்டு மணிக்கு அந்தத் தெரு வழியாகப் போகும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. நாங்கள் ஜன்னல் கம்பியில் படிந்த வெள்ளைத் தூளைத் துடைத்துத் துடைத்துத்தான் தெரிந்துகொண்டோம். என் மனைவிக்கு இழுப்பு உண்டு. அந்த ஊரை விட்டோம். போனது வாடகை மட்டும்.

விலைக்கு ஓர் உரைகல் வேண்டுமானால் குத்தகையைக் கேளுங்கள். கேட்கும் விலையில் ஆண்டுக் குத்தகை 5 சதவீதம் வந்தால் 20 வருடக் குத்தகைக்குச் சமமான விலை. 2 சதவீதம்தான் என்றால் 50 வருடம். 50 வருடக் குத்தகையை ஒரே நாளில் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்க மனம் ஒப்பினால் கொடுங்கள். தண்ணீரைக் கோடையில் பார்த்தாயிற்று, வாரிசுகள் உட்கார்ந்தாயிற்று, பாதை எழுதியாயிற்று, வாங்கிய பிறகும் ஒரு வருடக் குடும்பச் செலவு கையில் இருக்கிறது என்றால் விலையில் கடைசி இரண்டு சதவீதத்தைக் குறைப்பதற்காக இழுத்துக்கொண்டு நிற்காதீர்கள். அன்றே முடியுங்கள். எனக்குக் கைநழுவிய அந்த ஓர் இடம் அப்படிப் பேரம் பேசி நின்றபோது போனதுதான்.

தம்பிக்கு வேலை இப்போதுதான் மாறியிருக்கிறது. கையிருப்பில் பாதிக்கு மேல் முன்பணத்துக்கே போய்விடும். அவன் பார்த்துவிட்டு வந்ததும் மழை விட்ட வாரத்தில். "இன்னொரு பார்ட்டி வந்தா வரட்டும்டா, நாம கோடையில போவோம்" என்றேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டான். வெயில் ஏறியதும் இருவரும் சேர்ந்து போகிறோம். நீளமான கயிறு ஒன்றும், அதன் நுனியில் கட்ட ஒரு கல்லும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.