கருணைக்கொலைச் சட்டம் கேட்பவர்களுக்கு, தலைக்கூத்தல் நடந்த பக்கத்திலிருந்து

தீராத நோயில் கிடப்பவர் டாக்டர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997லிருந்து இருக்கிறது, நெதர்லாந்தில் 2002லிருந்து இருக்கிறது, கனடாவில் 2016ல் வந்துவிட்டது, இங்கே மட்டும் ஏன் ஒரு மனிதன் நிம்மதியாகச் சாகச் சட்டம் இல்லை என்று நண்பர்கள் சிலர் எழுதுகிறார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு அதைப் படித்ததும் முதலில் வருவது பயம்.

காரணம் தலைக்கூத்தல், படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களை வீட்டாரே சாகவைக்கிற வழக்கம். நெல்லை, விருதுநகர், மதுரை வட்டாரக் கிராமங்களில் நடந்ததுதானே? இழுத்துக்கொண்டு கிடக்கிற ஆச்சிக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீரும் கொடுத்து அனுப்பிவைத்துவிட்டு, "கஷ்டப்படாம போய்ச் சேர்ந்துட்டா, புண்ணியவதி" என்பார்கள். யாரும் அதைக் கொலை என்று சொல்வதில்லை. ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி. கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டில் படுக்கையில் கிடப்பவரை யார் பார்ப்பது, அந்த நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் முடிவெடுத்தது ஆச்சி இல்லையே.

ஓரிகன் சட்டத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. ஆறு மாதத்துக்குமேல் தாங்க மாட்டார் என்று இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும், நோயாளி தன் வாயால் கேட்க வேண்டும், மருந்தையும் அவரேதான் உட்கொள்ள வேண்டும். சரி. பிரஷர் மாத்திரைக்குக்கூட மகனிடம் கை நீட்ட வேண்டியிருக்கிற, "ஒங்களுக்கெல்லாம் பாரமா கெடக்கேனே" என்று விடிந்தால் அடைந்தால் புலம்புகிற நம்மூர்ப் பெரியவர் ஒருவர் அந்த மருந்தைக் கேட்டால், அது அவர் கேட்டதா, வீட்டு நிலைமை கேட்க வைத்ததா? எந்த டாக்டர் கண்டுபிடிப்பார்?

இதற்கு நேர் எதிரான கூத்து ஐசியூ வாசலில் நடக்கிறது. எங்கள் பெரியப்பாவை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். இனிமேல் தேறமாட்டார் என்று டாக்டரே ஜாடையாகச் சொல்லியாயிற்று. கூடவே இருந்து பார்த்த மகளுக்கு, போதும், வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்றிருந்தது. துபாயிலிருந்து போனில் பேசிய அண்ணன், எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, குழாயை மட்டும் எடுக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். பாசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஊர் என்ன சொல்லும் என்கிற பயமும் அதில் பாதி. கடைசிவரை பெரியப்பாவுக்கு என்ன வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தலைக்கூத்தலிலும் இங்கேயும் விடுபட்டுப்போனது அதே ஆள்.

ஆகவே என் கட்சி இது: ஊசி போட்டு அனுப்பும் சட்டம் இந்த மண்ணுக்கு இப்போது வேண்டாம். ஆனால் ஏற்கெனவே கையில் இருக்கிற உரிமையை ஏன் யாருமே தொடமாட்டேன் என்கிறோம்?

பல வருஷம் நினைவில்லாமல் கிடந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில், தேறாத நோயாளியின் உயிர்காக்கும் கருவியை விலக்குவதற்கு 2011ல் உச்ச நீதிமன்றம் கதவை லேசாகத் திறந்தது. 2018 மார்ச் 9ஆம் தேதி காமன் காஸ் என்ற தொண்டு நிறுவனம் போட்ட வழக்கில், கண்ணியமாக இறப்பதும் உயிர்வாழும் உரிமையைச் சொல்கிற அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள் வரும், லிவிங் வில், அதாவது பேச முடியாமல் கிடக்கும் நிலை வந்தால் என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது, செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அப்போது அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் யாராலும் நடைமுறைப்படுத்த முடியவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து போதும். நேரம் வரும்போது ஆஸ்பத்திரியில் மூன்று பேர் கொண்ட ஒரு மருத்துவக் குழு பார்க்கும், அப்புறம் இன்னொரு குழு பார்க்கும், இரண்டும் ஒத்துக்கொண்டு, மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் கொடுத்த பிறகுதான் கருவியை எடுப்பார்கள். குழு மறுத்தால் ஹைகோர்ட்டுக்குப் போகலாம், நமக்கு மதுரைக் கிளை. மனசு மாறினால் எழுதியதை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். நோட்டரியைத் தேடி அலையவும் வேண்டாம், பாளையங்கோட்டை கோர்ட்டுப் பக்கம் போனால் போதும்.

நஞ்சைக்கும் வீட்டுக்கும் உயில் எழுத வக்கீலைத் தேடி ஓடுகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். அந்த உயில் நாம் செத்த பிறகுதான் செல்லும். மூச்சு இருக்கும்போது, வாய் பேச முடியாமல் கிடக்கிற அந்த நாட்களுக்கு இந்த லிவிங் வில் ஒன்றுதான் இருக்கிறது. "அபசகுனமாப் பேசாதீரும்" என்று வீட்டில் திட்டுவார்கள், திட்டட்டும்.

இன்னொன்று, வெண்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதுவது வைத்தியமே வேண்டாம் என்பதாகாது. வலிக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, பக்கத்தில் ஆள், எல்லாம் கடைசிவரை கேட்கலாம், கேட்க வேண்டும். தமிழக அரசு 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிதணிப்புச் சிகிச்சை கொடுப்பதும் சேர்ந்தது. அது ஒவ்வொரு ஊரிலும் ஒழுங்காக நடக்கட்டும், ஆச்சிகள் பாரமில்லாமல் படுத்திருக்கட்டும். கனடா சட்டத்தை அப்புறம் பேசுவோம்.

நான் எழுதப்போகிறேன். எனக்காகப் பேசவேண்டிய ஆள் என்று யார் பெயரைப் போடுவது என்பதில்தான் வீட்டில் சண்டை. மகன் பெயரைப் போடச் சொல்கிறாள் மனைவி. அவன் என்னை விடமாட்டான், துபாய் அண்ணன் மாதிரியே அழுதுகொண்டு நிற்பான். தங்கச்சி பெயரைத்தான் போடப்போகிறேன். அவள் டாக்டரையும் கேள்வி கேட்பாள், வந்து நிற்கிற சொந்தக்காரர்களையும் வாயடைப்பாள்.