ஒரு ஜாப் ஓடிவிட்டால் டேப் பேக்கப் தயாரா?

லினக்ஸ் சர்வரில் டேப் டிரைவை (காந்த நாடாவில் டேட்டாவை எழுதும் கருவியை) மாட்டி, ஒரே ஒரு பேக்கப் ஜாபை ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்களே, அவர்களை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. முதல் ஜாப் எப்படியும் ஓடும். இரண்டாவதுதானே பிரச்சினை!

லினக்ஸில் ஒரே டிரைவுக்கு எஸ்டி0 (st0), என்எஸ்டி0 (nst0) என்று இரண்டு பெயர்கள். எஸ்டி0 வழியாக எழுதினால், வேலை முடிந்து மூடியதும் டேப் தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளும். என்எஸ்டி0 என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில், கோப்புகளைக் கட்டி டேப்பில் எழுதும் ஒரு டார் ஸ்கிரிப்ட், அதில் எஸ்டி0. அவ்வளவுதான், திங்கட்கிழமை எழுதியதன் தலைமேலேயே செவ்வாய்க்கிழமை எழுதும், புதன் அதன்மேல் எழுதும். எந்த எரரும் வராது, ரிப்போர்ட்டில் எல்லாமே வெற்றி. ரீஸ்டோர் கேட்கும் அன்றைக்குத்தான் டேப்பில் கடைசி ஜாப் மட்டும் இருப்பது தெரியும். இவ்வளவு ஆபத்தான பெயரைக் கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) எழுதும்போது ஒரு எச்சரிக்கைகூட வராதது என்ன நியாயம்?

சரி, என்எஸ்டி0 என்று மாற்றியாயிற்று, நிம்மதி கிடைத்ததா? டேப்புகளை அடுக்கி வைக்கும் டேப் லைப்ரரியில், அவற்றை எடுத்து டிரைவில் போடும் ரோபோ லினக்ஸுக்கு இன்றைக்கு எஸ்ஜி3 (sg3) என்று தெரியும், புதிதாக ஒரு டிஸ்க்கைச் சேர்த்து ரீபூட் செய்தால் எஸ்ஜி4 ஆகலாம். இரண்டு டிரைவ் இருந்தால் இன்னும் மோசம். ரோபோ முதல் டிரைவ் என்று எண்ணுவதும் லினக்ஸின் மையமான கர்னல் என்எஸ்டி0 என்று எண்ணுவதும் ஒன்றாகவே இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. டேப் ஒரு டிரைவுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், பேக்கப் மென்பொருளோ இன்னொன்றைப் பார்த்து ராத்திரி முழுக்க காத்திருக்கும், நடுராத்திரியில் 'டேப்பை மவுண்ட் செய்யவும்' என்று மெயில் வரும். இத்தனைக்கும் டிரைவின் சீரியல் எண்ணை வைத்து மாறாத பெயர் கொடுக்க லினக்ஸில் யூடெவ் என்ற வசதி இருக்கிறது, டெவ் அடைவில் டேப், அதற்குள் பை-ஐடி (/dev/tape/by-id) என்று போய்ப் பார்த்தால் அந்தப் பெயர்கள் வரிசையாக இருக்கும். பிறகு ஏன் மாதிரி கான்ஃபிக்குகளில் இன்னும் என்எஸ்டி0, எஸ்ஜி0 என்றே போட்டு வைக்கிறார்கள்? அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறவர்கள்தானே அதிகம்!

பிளாக் சைஸ், அதாவது டேப்பில் ஒரு தடவையில் எழுதும் துண்டின் அளவு, தனிக் கதை. எல்டிஓ-7 என்ற வகை டேப் டிரைவ் நொடிக்கு 300 எம்பி எழுதும். பிளாக் சிறியதாக இருந்து அந்த வேகத்துக்கு டேட்டா வராவிட்டால் டிரைவ் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அதுவும் போதாவிட்டால் நிற்கும், பின்னால் ஓடும், மறுபடி கிளம்பும். தேய்வது டேப்பும் ஹெட்டும். பகுலா என்ற பேக்கப் மென்பொருளில் இயல்பான பிளாக் 64,512 பைட்தான். கூட்டலாம், ஆனால் பழைய டேப்புகள் அதற்குப் பிறகும் படிக்கின்றனவா என்று சோதிக்காமல் கூட்டுவது வம்பு.

டேப் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கான்ஃபிக்கைத் திறந்து பாருங்கள். எஸ்டி0 என்று இருந்தால் ராத்திரி ஜாபை நிறுத்துங்கள். பெயரை மாற்றி, இரண்டு ஜாபை அடுத்தடுத்து ஓட்டி, முதலாவதை ரீஸ்டோர் செய்து பாருங்கள். அது வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.