முதல் பட்டதாரி சான்றிதழ் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள்
அரசுப் பள்ளிதோறும் உயர்கல்விக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியர் வேண்டும் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் வீட்டில் நான்தான் முதலில் கல்லூரிக்குப் போனவள். குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிறவருக்குக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே கலந்தாய்வுக்கு நாலு நாள் முன்னால்தான் தெரிந்தது, அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு ரேஷன் கார்டையும் என் டிசியையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு இ-சேவை மையத்துக்கும் விஏஓ ஆபீசுக்கும் அலைந்தார். இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் விடுதிக் கட்டணம் வரை அரசே கட்டுகிறது, அப்புறம் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். இதெல்லாம் பிள்ளைக்குத் தெரிந்தால் போதாது, காசுக்கு எங்கே போவது என்று கவலைப்படுகிற அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டும். ஜனவரியிலேயே அவர்களைப் பள்ளிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.