தாலிக்கு முன்பே முடிந்துவிடுகிறது
தாலி கட்டும் நொடியில்தான் கிறிஸ்தவத் திருமணம் நிறைவேறுகிறது என்று பலர் சொல்வது கத்தோலிக்க முறைக்குப் பொருந்தாது. 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057ஆம் பிரிவுப்படி இருவரின் ஒப்புதலே திருமணத்தை உண்டாக்குகிறது. அவர்களுக்குப் பதிலாக வேறு எவரும் அதைத் தர முடியாது, அப்பா அம்மாவும்கூட. பங்குக்குரு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் இருவரும் வாக்குச் சொல்லி முடித்ததுமே வேலை முடிந்தது. தாலியும் மோதிரமும் அதற்குப் பிறகு வரும் அடையாளங்கள். அந்த வாக்கின் சொற்களையும் கவனியுங்கள்: 'நேசிக்கிறேன்' என்றல்ல, நேசிக்க 'வாக்களிக்கிறேன்' என்றுதான் வரும். இன்று மனதில் இருக்கும் உணர்வை அங்கே யாரும் கேட்பதில்லை, நாளைக்கு என்ன செய்வாய் என்பதுதான் கேள்வி. ஓலை (கோயிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன் குரு மணமக்களைத் தனித்தனியே விசாரிப்பதும் இந்த ஒப்புதல் உண்மையானதா என்று அறியத்தான். பல இடங்களில் அதைப் படிவம் நிரப்பும் வேலையாக்கி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதி அங்கே பிடிபட வேண்டியவை. வற்புறுத்தலுக்கோ கடும் அச்சத்துக்கோ பணிந்து சொன்ன 'சம்மதம்' 1103ஆம் பிரிவுப்படி செல்லாது. இப்படிச் செல்லாது என்று திருச்சபை அறிவிப்பதைச் சிலர் 'சர்ச் கொடுக்கும் டைவர்ஸ்' என்கிறார்கள். இல்லை. மறைமாவட்டத் தீர்ப்பாயம், அதாவது திருச்சபையின் சொந்த நீதிமன்றம், இருந்த திருமணத்தை முறிப்பதில்லை, தொடக்கத்திலேயே அது உண்டாகவில்லை என்று அறிவிக்கிறது. அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்துவிடாதீர்கள்: அதற்கு நாட்டின் சட்டப்படி செல்லுபடி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்கீழ் சிவில் நீதிமன்ற உத்தரவும் தனியே வேண்டும்.