ரயில்ரோடு கமிஷன் ராயல்டி தகராறைத் தீர்க்காது

ஒருவர், "அமெரிக்காவின் டெக்சாஸில், எண்ணெய், எரிவாயு எடுக்கும் கம்பெனி உரிமையாளருக்குத் தரவேண்டிய பங்கான ராயல்டி குறைந்தால் ரயில்ரோடு கமிஷனில் புகார் கொடுத்தால் போதும், குத்தகைப் பத்திரத்தை எந்த வழக்கறிஞரும் படித்துச் சொல்லிவிடுவார்" என்கிறார். இரண்டுமே தவறு. இதை நம்பிக் காத்திருப்பவர் பணத்தை இழப்பார்.

பெயரில் ரயில் இருந்தாலும் அந்த ஆணையம் கவனிப்பது எண்ணெய்க் கிணறுகளுக்கான அனுமதி, பாதுகாப்பு போன்றவற்றை. ராயல்டி பாக்கிக்கு நீதிமன்றம்தான் வழி. ஒப்பந்த மீறல் என்றால் பொதுவாக 4 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

1996இல் ஹெரிட்டேஜ் ரிசோர்சஸ் வழக்கில், ராயல்டியிலிருந்து செலவைக் கழிக்கக் கூடாது என்று குத்தகையிலேயே எழுதியிருந்தது. ஆனாலும் "கிணற்றடிச் சந்தை மதிப்பு" (கிணற்றருகிலேயே விற்றால் கிடைக்கும் விலை) என்ற சொற்களை வைத்து, போக்குவரத்துச் செலவைக் கழித்தது செல்லும் என்றது டெக்சாஸ் உச்ச நீதிமன்றம். வீட்டுப் பத்திரம் மட்டும் பார்த்துப் பழகியவருக்கு இந்தக் கண்ணி எப்படித் தெரியும்?

அங்கே சட்டச் சிறப்புத் தகுதி வாரியம் எண்ணெய், எரிவாயு, கனிமச் சட்டத்துக்கென்றே தனிச் சான்று வழங்குகிறது. அந்தச் சான்று பெற்றவரைத் தேடுங்கள். அவர் வழக்கமாக உரிமையாளர்களுக்காக வாதாடுபவரா, கம்பெனிகளுக்காகவா என்றும் முதலிலேயே கேளுங்கள். குத்தகைத் தாளோடு வீட்டுக்கு வரும் லேண்ட்மேன் கம்பெனிக்காக வருபவர். அவர் சொல்வதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.