மறந்தவனும் மறைத்தவர்களும்

நேற்று ராத்திரி 'தி போர்ன் ஐடென்டிட்டி'யை எத்தனாவது முறையாகவோ பார்த்தேன். தான் யார் என்பதே மறந்துபோன ஜேசன் போர்ன் என்ற சிஐஏ (அமெரிக்க உளவுத்துறை) கொலையாளியின் கதை. 2002-இல் வந்த படம், அதனால் கதையைச் சொல்லிவிட்டாய் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். (இதே ராபர்ட் லட்லம் நாவலின் கருவை வைத்து நம்ம ஊரில் 1989-லேயே கமல் 'வெற்றி விழா' நடித்துவிட்டார், அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

கார் துரத்தலையும் பேனாச் சண்டையையும் எல்லோரும் பேசித் தீர்த்தாயிற்று. எனக்கு அந்த சூரிக் பூங்காதான். பெஞ்சில் படுத்திருக்கும் போர்னை இரண்டு போலீஸ்காரர்கள் எழுப்புகிறார்கள். தன் பேரே தெரியாதவன் ஜெர்மனில் பதில் சொல்கிறான், ஒருவர் லத்தியால் இடிக்க அதை அப்படியே பிடிக்கிறான், சில நொடிகளில் இருவரும் தரையில். கையில் துப்பாக்கி. அதை அவன் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அடுத்தவன் கையைப் பார்க்கிற மாதிரி!

மனசு மறந்ததைக் கை மறக்காது என்பது சுத்த சினிமாத்தனம் என்பவர்களுக்கு என் பெரியப்பாவைச் சொல்வேன். பஸ் கண்டக்டராக இருந்தவர். கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்பார், ஆனால் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டால் போதும், நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வார். மருத்துவத்திலும் இதற்குப் பேர்போன ஒரு சான்று உண்டு. 1953-இல் மூளை அறுவைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போன 'எச்.எம்.' என்பவர், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முந்தின நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை.

முதுகில் குண்டு வாங்கிக் கடலில் விழுந்தவனுக்கு 'நான் யார்' என்பது மட்டும் கச்சிதமாக அழிந்துபோவதுதான் கொஞ்சம் இடிக்கிறது. சரி, கதைக்கு வேண்டும், விட்டுவிடலாம்.

என்னை உறுத்துவது கடைசிப் பக்கம் வருகிற ஒரு சின்னக் காட்சி. சிஐஏ அதிகாரி விசாரணைக் குழு முன்னால் உட்கார்ந்து, போர்னை உருவாக்கிய ரகசியத் திட்டமான ட்ரெட்ஸ்டோனா, அது வெறும் பயிற்சித் திட்டம், மூடியாயிற்று என்று சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அடுத்த திட்டத்துக்குப் போகிறார். ஒருத்தன் தன்னை நினைவுபடுத்திக்கொள்ள ஐரோப்பா முழுக்க அடிபட்டுத் திரிகிறான், அவனை உருவாக்கிய ஆபீஸ் அரை நிமிஷத்தில் அவனைத் துடைத்துவிடுகிறது.

இதுவும் கற்பனை இல்லை. ஆட்களுக்குத் தெரியாமலேயே எல்எஸ்டி என்ற போதைமருந்தைக் கொடுத்துப் பார்த்த, சிஐஏவின் எம்கே-அல்ட்ரா திட்டத்தின் கோப்புகளை அழிக்கச் சொல்லி 1973-இல் உத்தரவிட்டவர் அதன் அப்போதைய தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ். அப்படியும் சுமார் 20,000 பக்கங்கள் தப்பி 1977-இல் வெளியே வந்தன. எப்படித் தெரியுமா? நிதிக் கணக்குக் கோப்புகளோடு கிடந்ததால், அழிக்கப் போனவர்கள் கையில் அவை சிக்கவில்லை. செலவுக் கணக்கு எழுதியவன் அதை எங்கோ பத்திரமாக வைத்திருக்கிறான்.

யோசித்துப் பார்த்தால், தான் யார் என்று தேட போர்னுக்குக் கிடைத்த முதல் துப்பாக, அவன் இடுப்பில் தோலுக்கடியில் இருந்ததும் ஒரு வங்கிக் கணக்கு எண்தானே.