அம்மாவை அப்டேட் பண்ணச் சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். அணைந்து கிடக்கிற டிவி, எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா, மடியில் இரண்டு ரிமோட். கீழே வந்த பின்னூட்டங்களையும் படித்திருப்பீர்கள். நிறைய பேர் "எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்று எழுதினார்கள். ஒருத்தர் மட்டும் "டிவியை விடுங்க மேடம், முதல்ல உங்க அம்மாவை அப்டேட் பண்ணுங்க" என்றார். அதற்கு 86 சிரிப்பு. சிரித்தவர்களில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். பெயர்களைப் பார்த்தேன்.

மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் வார்த்தை தடித்துவிடும் என்று பொறுத்தேன். இப்போதும் அந்த மனிதரைத் திட்ட வரவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

என்ன நடந்தது என்று முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 74 வயது. உடுமலைப்பேட்டை பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். அப்பா போன பிறகு சென்னைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. அரசு கொடுத்த பழைய கலர் டிவி ஒன்று பல வருஷம் ஓடியது. பொத்தானை அமுக்கினால் படம் வரும். எந்த எண்ணில் செய்தி, எந்த எண்ணில் பக்திப் பாட்டு என்று அவளுக்கு மனப்பாடம். அது ஒரு நாள் கண்ணை மூடியதும், பெரிய திரையில் பார்க்கட்டும் என்று நான்தான் 43 இன்ச் ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுத்தேன். வைஃபையும் நான்தான் போட்டேன். இதில் என் பங்கு இருக்கிறது, மறைக்கவில்லை.

ஒன்றரை வருஷம் ஒழுங்காக ஓடியது. போன மாதம் ஒரு ராத்திரி டிவி தானாக ஏதோ அப்டேட் செய்துகொண்டது. அதுவரைக்கும் ஆன் பண்ணினால் நேராக செட்டாப் பாக்ஸ் வரும். மறுநாளிலிருந்து அதன் சொந்த முகப்பு வருகிறது. பெரிசாக ஒரு விளம்பரம், கீழே வரிசையாகப் படங்கள், ஆங்கிலத்தில் ஏதோ ஒரு நிபந்தனை, சம்மதமா என்று ஒரு கேள்வி. டிவி ரிமோட்டில் எண்களே கிடையாது. அம்மாவின் எண்கள் எல்லாம் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் இருக்கின்றன, ஆனால் அந்தப் பாக்ஸுக்குப் போகிற வழி நாலு பொத்தான் தள்ளி எங்கேயோ ஒளிந்துவிட்டது.

நாலு நாள் அம்மா செய்தி பார்க்கவில்லை. என்னிடம் சொல்லவும் இல்லை. ஐந்தாம் நாள் நானாகக் கேட்டபோதுதான் சொன்னாள்: "அது என்னமோ இங்கிலீசுல கேக்குது கண்ணு. எதையாச்சும் அமுக்கிக் காசு கீசு போயிருச்சுன்னா என்ன பண்றது? டிவி நல்லாத்தான் இருக்குது, எனக்குத்தான் கூறு பத்தல."

எனக்குத்தான் கூறு பத்தல.

அந்தப் படத்தைப் போட்டதற்குக் காரணம் டிவி இல்லை, இந்த வாக்கியம். என் அம்மா இந்த வாக்கியத்தைத் தன் வாழ்நாளில் சொன்னவள் இல்லை. அப்பா மில்லில் ஷிப்டுக்குப் போய்விட, ஏழு பேர் இருந்த வீட்டை நடத்தியவள். ஐந்தாவதுதான் படித்தாள், ஆனால் பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் வாயிலேயே போடுவாள். கிணத்து மோட்டாரில் பியூஸ் போனால் தானே கம்பி போட்டுவிடுவாள். அவளை, நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு பெட்டி, தனக்குக் கூறு இல்லை என்று நம்ப வைத்திருக்கிறது. இதைச் சொன்னால் அம்மாவை அப்டேட் பண்ணு என்கிறீர்கள்.

உடனே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். வந்தும் விட்டது. "அப்போ கிரைண்டர் வேண்டாமா? ஆட்டாங்கல்லுக்கே திரும்பிப் போகலாமா?"

ஆட்டாங்கல்லைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து மாவு தள்ளிவிட்டவள் நான். அரைப்படி உளுந்து, இரண்டு படி அரிசி. விடிகாலையில் அம்மா ஒரு காலை நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது வெயில் ஏறியிருக்கும். வலது கையில் விரல்கள் தொடங்குகிற இடத்தில் நாலு காய்ப்பு, கொட்டாங்கச்சி மாதிரி. தலைவாரி விடும்போது என் காதில் அது உரசும். அந்த உரசலை இன்றைக்கும் காதில் உணர முடிகிறது.

1988 தீபாவளி போனஸில் அப்பா கோயம்புத்தூர் போய் கிரைண்டர் வாங்கி வந்தார். முதல் நாள் உளுந்தைப் போட்டுவிட்டு அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திண்ணைக்கு வந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டு இருந்தாள். அப்பா மடித்து வைத்துப் போன தினசரி பக்கத்தில் கிடந்தது. எடுத்தாள். எழுத்துக் கூட்டி, வாய்விட்டு, தலைப்பை மட்டும் படித்தாள். எனக்கு அப்போது 12 வயது. அம்மா படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து மாவு ஆடுகிற நேரம் பேப்பர் நேரம். ஆறு மாதத்தில் தலைப்பைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். ஒரு வருஷத்தில் அப்பாவோடு அரசியல் பேசினாள், சண்டையும் போட்டாள். எங்கள் வீதியில் ஓட்டுக் கேட்டு வந்தவரிடம், போன தடவை சொன்னது என்னாச்சு என்று நடுவாசலில் நிறுத்திக் கேட்ட முதல் பெண் என் அம்மா. அதைச் செய்தது ஒரு கல்லும் ஒரு மோட்டாரும்தான்.

எங்கள் பக்கத்து மண்ணில் பிறந்த இயந்திரம் அந்தக் கிரைண்டர். 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் செய்து காட்டியது. பிறகு பட்டறை பட்டறையாகப் பரவி, புவிசார் குறியீடு வாங்குகிற அளவுக்கு அந்த ஊரின் அடையாளம் ஆனது. 2011-ல் அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாகக் கொடுத்தபோது எத்தனை பேர் கேலி செய்தார்கள், ஓட்டுக்கு லஞ்சம் என்றார்கள். அந்தக் கேலியில் ஆட்டாங்கல் சுற்றிய ஒரு பெண்ணின் குரலைக்கூட நான் கேட்கவில்லை.

நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. இதை எத்தனை தடவை எழுத வேண்டும்? கையிலிருந்து வேலையை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தை நம்மிடமே கொடுத்துவிட்டு, சும்மா ஒரு மூலையில் நிற்கிற பொருள்தான் வாழ்க்கையை உயர்த்தும். கிரைண்டர் அம்மாவிடம் சம்மதம் கேட்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பொத்தானை இடம் மாற்றவில்லை. அவள் எத்தனை படி அரைத்தாள் என்று யாருக்கும் தகவல் அனுப்பவில்லை.

தகவல் என்றதும் "உங்க அம்மா என்ன பாக்கறாங்கன்னு யாருக்குங்க அக்கறை" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். அக்கறை இருக்கிறது. அமெரிக்காவில் விஸியோ என்ற டிவி கம்பெனி, வீடுகளில் என்ன பார்க்கிறார்கள் என்பதை ஒரு கோடியே பத்து லட்சம் டிவிகளிலிருந்து, வாங்கினவர்களின் சம்மதம் இல்லாமலே சேகரித்து மற்றவர்களுக்கு விற்றது என்று அந்த நாட்டு அரசு வழக்குப் போட்டது. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டார்கள். அந்த வழக்குக்குப் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. டிவியை நாம் பார்க்கிறோம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொருத்தர், படித்தவர், மரியாதையாகவே கேட்டார்: "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சே, அது டெக்னாலஜி இல்லையா?" நல்ல கேள்வி. ஆமாம், டெக்னாலஜிதான். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பேப்பர் படிக்க முடியாமல் போனது. அப்போதிலிருந்துதான் டிவி செய்தி அவளுக்கு உயிர். பேப்பர் போன இடத்தில் டிவி வந்து உட்கார்ந்தது. வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, இடது கண் இன்னும் பாக்கி. உள்ளே வைக்கிற லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது, ஏழைக்கு எட்டாத விலை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992-ல் ஆரோலேப் என்று ஆரம்பித்து இங்கேயே செய்து விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மருத்துவமனையே 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியதுதான். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். நீங்கள் கேட்டதற்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது. அம்மா கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் காலையில் எழுந்ததும் விளம்பரம் காட்டுவதில்லை. அம்மா அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கட்டுப் பிரித்ததும் என் முகத்தைப் பார்த்து "என்ன கண்ணு இப்படி நரைச்சுப் போச்சு" என்றாள், அவ்வளவுதான்.

"நீங்களும் போன்ல முகநூல்லதானே எழுதறீங்க?" ஆமாம், எழுதுகிறேன். பஸ்ஸில் போகிறவன் பஸ்ஸைக் குறை சொல்லக் கூடாதா?

"யூபிஐ?" அது 2016-ல் வந்தது. பூக்காரம்மாவுக்குச் சில்லறைத் தொல்லை தீர்ந்தது, எனக்கும் தீர்ந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். போன வாரம் ஒரு கடையில் அவள் நீட்டிய 500 ரூபாய் நோட்டைப் பார்த்துவிட்டு, "போன்ல போட்டுருங்க பாட்டி" என்றிருக்கிறான் பையன். சாமானைத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டாள். காசு இருந்தும் வாங்க முடியாமல் வந்தது அன்றைக்குத்தான்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இன்னொன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அப்பாவின் மில் பென்ஷன் அம்மாவுக்குக் கொஞ்சம் வருகிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் அவள் பெயரில் வருகிற ஒரே பணம் அது. வருஷம் ஒருதரம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. இப்போது விரலை வைக்க வேண்டும். போன வருஷம் நானும் கூடப் போயிருந்தேன். கட்டை விரல் வைத்தாள், சிவப்பு விளக்கு. ஆட்காட்டி விரல், சிவப்பு. ஈரத் துணியில் துடைத்து வைத்தாள், சிவப்பு. பின்னால் வரிசை நின்றது. பத்து விரலும் ஆன பிறகு அந்தப் பெண் சலிப்போடு, "ரேகையே இல்லைங்க பாட்டிக்கு, தேஞ்சு போச்சு" என்றாள்.

தேய்ந்துதான் போயிருக்கும். அந்தக் கை என்னவெல்லாம் செய்தது என்று எனக்குத் தெரியும். ஏழு பேருக்கு ஆட்டியது, துவைத்தது, சாணி தட்டியது. அந்தக் கையைப் பார்த்து, நீ நீதானா என்று ஒரு கண்ணாடித் துண்டு கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா சிரித்துச் சமாளித்தாள். அந்தச் சிரிப்பை நான் முன்னால் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது இரண்டாம் தடவை பார்த்தேன்.

"இப்ப முகத்தைக் காட்டினாலே பதிவாயிடுமே" என்று யாராவது சொல்வீர்கள். தெரியும். கடைசியில் அப்படித்தான் பதிவானது. அது சரியாகிவிட்டது. அன்றைக்கு வரிசைக்கு முன்னால் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து நீட்டியது சரியாகவில்லை.

கடைசியாக, "வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க, கத்துக்குவாங்க" என்றவர்களுக்கு. நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். சொல்லிக் கொடுத்தேன். ஒரு நோட்டில் படம் வரைந்தே கொடுத்தேன். வீடு மாதிரிப் பொத்தான், வலது பக்கம் மூன்று தடவை, கீழே ஒரு தடவை, நடுப் பொத்தான். இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். அவளுக்குக் கூறு உண்டு என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் நாள் மறுபடி அப்டேட் வந்து வலது பக்கம் மூன்று என்பது ஐந்தாகிவிட்டது. 74 வயதில் ஒருத்தி எத்தனை தடவை தன் வீட்டு டிவிக்குப் பாடம் படிக்க வேண்டும்? யார் வசதிக்காக அந்தப் பொத்தான் இடம் மாறியது? அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி யாரும் எங்கள் வீட்டில் யாரையும் அப்டேட் பண்ணச் சொல்ல வேண்டாம். அந்தப் பின்னூட்டத்தை நான் அழிக்கவில்லை, அங்கேயே இருக்கட்டும்.

நாளைக் காலை ஊருக்குப் போகிறேன். அந்த டிவியின் வைஃபையைப் பிடுங்கிவிட்டு, ஆன் பண்ணினால் நேராகப் பாக்ஸுக்குப் போகிற மாதிரி வைக்க முடியுமா என்று பார்க்கப் போகிறேன். முடியாவிட்டால், பொத்தானை அமுக்கினால் படம் வருகிற சாதாரண டிவி ஒன்றைத் தேடி வாங்கிவிடுவேன். நேற்று ராத்திரி போனில் இதைச் சொன்னேன். "டிவி கெடக்கட்டும் கண்ணு" என்றாள். "கிரைண்டர் பெல்ட் போயிருச்சு. பழசைக் கழட்டி நூல் போட்டு அளந்து வெச்சிருக்கறேன், அளவு சொல்றேன் எழுதிக்க. நீ வாங்கிட்டு மட்டும் வா, நானே மாட்டிக்கறேன்."

எழுதிக்கொண்டேன்.